"ஒரு பைசா செலவில்லை"ன்னு எழுதினவரு கொஞ்சம் முன்னால வரவும்

பென்னாகரத்தான்:
நேத்து பல்லவன் சார் இங்க எழுதினது: "அரசு ஆஸ்பத்திரியில பல் வைத்தியத்துக்கு ஒரு பைசா செலவில்லை. தனியார்ல காசைக் கொட்டிட்டு அழறவன் சோம்பேறி." நான் சோம்பேறி இல்லீங்க. கடவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சைன்னு நாலு நடை நடந்தவன். நடைக்கு ஒரு நாள் கூலி 700 போச்சு. 2,800. இதுதான் உங்க ஊர்ல ஒரு பைசாவா?

பல்லவன்:
வேர் சிகிச்சைக்கு வழக்கமா மூணு நடைதான். நரம்பு எடுக்கறது, சுத்தம் பண்ணி மருந்து வைக்கறது, அடைக்கறது. நாலாவது எங்கிருந்து முளைச்சுது?

பென்னாகரத்தான்:
மொத நாள் ஓ.பி. சீட்டு போட்டு, கன்னம் வீங்கியிருக்குன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. அது நடை இல்லையா? நடந்த கால் என்னுதுங்க.

பல்லவன்:
வீக்கம் இருந்தா சில சமயம் மொதல்ல மாத்திரைதான் குடுப்பாங்க. அது சிகிச்சைக் கணக்குல வராது. மூணு.

மாங்கா மண்டி:
மூணோ நாலோ விடுங்கப்பா. அடைச்ச பல்லு மேல கேப், அதான் உறை, போட்டாங்களா?

பென்னாகரத்தான்:
"வெளிய போட்டுக்கங்க"ன்னாங்க. 3,500 ஆச்சு. அதைக்கூட நான் கேக்கல. நாலு நடையை மூணுன்னு சொன்னாரு பாருங்க, அதுதான் பொறுக்கல.

மாங்கா மண்டி:
கேக்க வேண்டியதே அதைத்தானேய்யா! முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்ங்கறாங்க. தாடை எலும்பு உடைஞ்சா உண்டு, பல்லு அடைக்க, கேப் போட கிடையாது. பல்லவன் சார் சொன்னா தாடையை உடைச்சுக்கிட்டே போயிடலாம்.

ஓசூர் மருமகள்:
அண்ணா, எங்க அத்தைக்கு பல் செட்டு கட்டணும். அளவெடுக்க, கடிச்சுப் பார்க்கன்னு எத்தனை தடவை வரச் சொல்லுவாங்க? லேடீஸுக்கு டவுன் பஸ் ஓசிதான், இருந்தாலும் வயசானவங்க.

சேலம் மெயின் ரோடு:
ஓசின்னு சொல்லாதம்மா. அந்த வார்த்தையைச் சொல்லி 2022ல ஒரு அமைச்சரே வாங்கிக் கட்டிக்கிட்டாரு.

பென்னாகரத்தான்:
ஆம்பளைக்கு டிக்கெட் உண்டுங்க. நாலு நடைக்கும் போக வர எட்டு டிக்கெட். இதை 2,800ல சேர்க்கவே இல்ல.

பல்லவன்:
ஆறு டிக்கெட்.

தொப்பூர் கணவாய்:
நம்ம தர்மபுரி மாவட்டத்துல பல்லு கெடறதே போர்வெல் தண்ணியாலதான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடுக்கு மேல போகக்கூடாது, வேற தண்ணியே இல்லேன்னா ஒன்றரை வரைக்கும். நம்ம போர்வெல்லுல பல இடத்துல அதுக்கும் மேல. பால் பல்லு விழுந்து மொளைக்கறப்பவே பழுப்புக் கோட்டோட வருது, தேய்ச்சா போகாது. எங்க பையனுக்கு அதைக் கேட்டா "அது அழகு சிகிச்சை"ன்னு கையை விரிச்சாங்க. ஊர்ல பொண்ணு பார்க்க வர்றவங்க பொண்ணோட வாயைப் பார்த்துட்டு எழுந்து போறாங்க, அது அழகுப் பிரச்சினையாம்!

சேலம் மெயின் ரோடு:
அதுக்குத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துச்சு. 2008ல கலைஞர் அடிக்கல் நாட்டினது.

தொப்பூர் கணவாய்:
கல்லு நாட்டினா தண்ணி வந்துடுமா? 2013ல திறந்து வச்சது அம்மா.

சேலம் மெயின் ரோடு:
ஜப்பான்கிட்ட கடன் வாங்கக் கையெழுத்து யாரு போட்டது?

பென்னாகரத்தான்:
அந்த சண்டையை வேற திண்ணையில போடுங்க. நான் கேட்டது நாலு நடை.

லண்டன் மாமா:
மாப்ள, இங்கிலாந்துல அரசு வைத்தியத்துலயே, 2025 ஏப்ரல் கணக்குப்படி, பல்லைச் சும்மா பார்க்கவே 27.40 பவுண்ட். வேர் சிகிச்சைக்கு 75.30. கேப், செட்டுன்னா 326.70. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்க, கர்ப்பிணிகள் மாதிரி சிலருக்கு மட்டும் இலவசம். ஆரம்பத்துல எல்லாருக்கும் இலவசமாத்தான் இருந்துச்சு. 1951ல பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் காசு வாங்கலாம்னு முடிவெடுத்தாங்க. அந்த மருத்துவ சேவையையே ஆரம்பிச்சு வச்ச அனைரின் பெவன் கோவத்துல அமைச்சர் பதவியை உதறிட்டுப் போனாரு. ஆனா ஒண்ணு, ஒரு சிகிச்சைக்கு எத்தனை நடை போனாலும் அதே 75.30தான்.

பென்னாகரத்தான்:
பார்த்தீங்களா! வெள்ளைக்காரனே நடையைப் பத்திப் பேசறான். மாமா, போன வருஷம் மாம்பழ வெலைச் சண்டையில என்னை "கெணத்துத் தவளை"ன்னீங்க. மறக்கல. ஆனா இதுல நீங்க என் பக்கம்.

லண்டன் மாமா:
நான் உன் பக்கம்னு எங்கடா சொன்னேன்? அங்க காசே வாங்கல, பேசாம இருன்னு சொன்னேன்.

பல்லவன்:
அதேதான். வாங்கினாங்களா? சொல்லுங்க.

பென்னாகரத்தான்:
கையில வாங்கல, கூலியில வாங்கினாங்க. பொட்டியைத் தேடி சீட்டை எடுத்துட்டேன். நாலு தேதி, நாலு சீல். படம் போட்டிருக்கேன், கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க.

பல்லவன்:
பார்த்தேன். மொத தேதிக்கு நேரா மாத்திரை மட்டும்தான் எழுதியிருக்கு. மூணு.

ஓசூர் மருமகள்:
அண்ணா, அந்தப் பல் செட்டு...

பென்னாகரத்தான்:
இரும்மா. சார், சீல் யாரு குத்தினது? நானா?