அறிதலும் உணர்தலும்: ஆங்கில ஆசிரியர்களிடம் ஓர் உதவி

வணக்கம். மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். சொற்களை உருப்போடாமல் வேரோடு பிடிக்கட்டும் என்று இலத்தீனிலிருந்து தொடங்கினேன். 'ஸ்கீரே' என்றால் அறிதல். அதன் வழியில் சயின்ஸ் (அறிவியல்), கான்ஷியஸ் (சுயநினைவுள்ள), கான்ஷியன்ஸ் (மனசாட்சி). 'சென்டீரே' என்றால் உணர்தல். கன்சென்ட் சேர்ந்து உணர்வது, டிசென்ட் மாறுபட்டு உணர்வது. 'நைஸ்' என்ற சொல்லே 'அறியாதவன்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றதும் ஒரு சிறுமி நோட்டில் இரண்டு கோடு போட்டுக்கொண்டாள். அவ்வளவு ஆர்வம்!

மறுநாள்தான் சிக்கல். 'மனசாட்சி உறுத்தியது' என்பதற்கு மூன்று பேர் கான்ஷியஸ் என்று எழுதினார்கள். சென்சிபிள் (விவேகமுள்ள), சென்சிடிவ் (எளிதில் மனம் பாதிக்கப்படும்) இரண்டுக்கும் 'உணர்வுள்ள' என்றே பொருள் தந்தார்கள். அவர்கள்மீது தவறில்லை. 'தவற்றை உணர்ந்தான்', 'வலியை உணர்ந்தான்' என்று நாம் இரண்டுக்கும் ஒரே வினையைத்தானே வைத்திருக்கிறோம்? போதாததற்கு, இறக்கத்தைக் குறிக்கும் டிசென்ட் வேறு வேரில் பிறந்தது. காதுக்கோ இரண்டும் ஒன்றே.

இந்தச் சொற்களை நீங்கள் எப்படிப் பிரித்துக் காட்டுகிறீர்கள்? ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளைகள் அன்றாடம் பேசும் தமிழ் வாக்கியம் ஒன்று கிடைத்தால்கூடப் போதும். திங்கட்கிழமை மறுபடியும் இதே பாடம். அதற்குள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.