மாம்பழச் சப்பாத்தி ரோலுக்குள் வெற்றிலை: யாராவது சாப்பிட்டதுண்டா?

தஞ்சை_டவுன்பஸ்

சப்பாத்தி ரோல் எல்லோருக்கும் தெரியும், செய்முறைக்குள் போகவில்லை. மாம்பழம், வெள்ளரி, பச்சை பாலக், துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர், மிளகுத்தூள். வெயில் காலத்தில் மதியம் சோறு இறங்காது, இது இறங்கும். போன சித்திரையில் கும்பகோணம் பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். அய்யம்பேட்டையில் ஏறிய ஒரு ஆத்தா, மடியில் ஈரத்துணி சுற்றிய வெற்றிலைக் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, கீரையப் பச்சையா சுருட்டி வச்சிருக்கே?" சாலட் மாதிரி ஆத்தா என்று ஏதோ சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. கட்டிலிருந்து ஓர் இலையை உருவி, காம்பைக் கிள்ளி, நடு நரம்பை நகத்தால் ஒரே இழுப்பில் உரித்து, இரண்டாகக் கிழித்து, மாம்பழத்துக்கு மேல் செருகிவிட்டார். "இப்பத் தின்னு." முதலில் பழத்தின் இனிப்பு, அப்புறம் மூக்கு வரை ஏறுகிற காரம், பின்னாலேயே தயிர் வந்து அதை அடக்கியது. பாபநாசத்தில் இறங்கிப் போய்விட்டார். கடை வெற்றிலையில் எத்தனையோ தடவை செய்துவிட்டேன், நாக்கு எரிகிறதே தவிர அந்த ருசி வரவில்லை. அது என்ன வெற்றிலை?

மன்னார்குடி_மதினி

பசியில் சாப்பிட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். என் கதை வேறு. எங்கள் அண்ணி அன்னாசி, புதினா, கெட்டித் தயிர் வைத்து விடிகாலையில் ரோல் சுருட்டிக் கொடுத்தார், ரயிலுக்கு. மதியம் திருவாரூர் தாண்டிப் பிரித்தால் ஒரே கசப்பு. என் பையன் ஒரு கடி கடித்துவிட்டு, பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "அத்தை இதுல வேப்பிலை வச்சிருக்காங்கம்மா!" என்றான். எதிர் சீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தயிர் பழசா அண்ணி என்று ஃபோனில் கேட்டேன். அன்றைக்குத்தான் பாக்கெட்டைப் பிரித்தேன் என்று சாதிக்கிறார். இன்று வரை அந்தப் பேச்சு முடியவில்லை.

கொடிக்கால்_ஓரம்

அண்ணி சொன்னதுதான் சரி. பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்று ஒரு நொதி இருக்கிறது, அது பால் புரதத்தை உடைக்கும், உடைந்த துண்டுகள்தான் கசக்கின்றன. கலந்த உடனே சாப்பிட்டால் தெரியாது, சில மணி நேரம் ஊறினால் தெரியும். பப்பாளியிலும் இப்படி ஒன்று உண்டு, காயில் அதிகம். அன்னாசிதான் வேண்டுமென்றால் துண்டுகளைத் தோசைக்கல்லில் நன்றாகச் சூடேற வாட்டி, ஆறவிட்டு வையுங்கள், சூட்டில் அந்த நொதி செத்துவிடும். மாதுளையில் இந்த வம்பே இல்லை. இன்னொன்று, கீரையைக் கழுவி ஈரத்தோடு சுருட்டாதீர்கள். துண்டில் பரப்பி உலர்த்துங்கள், இல்லையென்றால் சப்பாத்தி அடியில் கிழியும். உப்பையும் வெள்ளரி மேல் நேராகத் தூவாதீர்கள், தண்ணீர் விட்டுவிடும், தயிரில் போட்டால் போதும். சப்பாத்தியைச் சுட்டதும் துணிக்குள் அடுக்கி மூடினால்தான் மடிக்கும்போது வெடிக்காது. ஃபாயில் எதற்கு? வாழையிலையைத் தணலில் வாட்டிச் சுற்றுங்கள், கட்டுச்சோறு அப்படித்தானே போனது.

வெற்றிலைக்கு வருகிறேன். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் காவிரிக்கரை வெற்றிலைதான் உங்கள் ஆத்தா மடியில் இருந்திருக்கும். கொடிக்காலில், அதாவது வெற்றிலைத் தோட்டத்தில், அகத்தி மரத்தில் ஏறுகிற கொடி, அதன் நுனிப் பக்கத்து இலை கொழுந்து, மென்மையாக இருக்கும். முற்றியது நாரும் காரமுமாக இருக்கும். கடையில் கொழுந்து வெத்தலை என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே சாப்பிட்டால் நல்லது. ஃபிரிட்ஜில் அதிகக் குளிரில் வைத்தால் கறுத்துப்போகலாம்.

திருவையாறு_ஹாஸ்டல்

வாட்டிய இலையைப் பையில் போட்டு பைக்கில் போய்ப் பாருங்கள் சார், அப்புறம் ஃபாயில் எதற்கு என்று கேளுங்கள். எங்கள் ஹாஸ்டலில் ஒரு நாள் பாலக் கிடைக்காமல் கொடிப்பசலையைப் பச்சையாக வைத்துவிட்டார்கள். கடித்து இழுத்தால் கொழகொழவென்று நூல் வருகிறது, வாய்க்கும் கைக்கும் நடுவில். மெஸ்ஸே ஒரு நிமிஷம் நின்று வேடிக்கை பார்த்தது. பக்கத்து டேபிள் அண்ணன் மட்டும் நாலு சாப்பிட்டார். யார் அது என்று இன்னும் தெரியாது, மூன்றாம் வருஷம் என்கிறார்கள்.

தஞ்சை_டவுன்பஸ்

கொடிக்கால் சார், நான் கேட்டது வெற்றிலை மட்டும்தான், நீங்கள் சப்பாத்தி மாவு வரைக்கும் போய்விட்டீர்கள். இருந்தாலும் கொழுந்து என்று கேட்கத் தெரியாமல்தான் கடைக்காரர் கொடுத்ததை வாங்கியிருக்கிறேன். ஆனால் மதினி, பசி எல்லாம் இல்லை. அதற்கு முன்னால் பாதி ரோல் முடித்திருந்தேன்.

மன்னார்குடி_மதினி

சரி, ஒத்துக்கொள்கிறேன். அன்னாசி விஷயத்தை அப்படியே அண்ணிக்கு அனுப்பினேன். பதில் ஒரே வரி: "உன் பையன்கிட்டயும் படிச்சுக் காட்டு."