அரியணையைப் படையால் மீட்கணுமா, உப்பால் மீட்கணுமா?

எண்ணூர்க் கழி:
நம்ம வாசகர் வட்டத்துல கைமாறிட்டு இருக்கிற நாவல் கைப்பிரதிக்காக இந்தத் தனி இழை. படிக்காதவங்களுக்குச் சுருக்கம். கழியும் கடலும் சூழ்ந்த ஒரு நாடு. ராஜாவைச் சொந்தத் தம்பியே கொல்றான். 6 வயசுப் பிள்ளையைச் செவிலித்தாய் ராத்திரியோட ராத்திரியா கட்டுமரத்துல ஏத்தி, ஒரு குப்பத்துல வெச்சு வளர்க்கிறா. 17 வயசுல கழிக்கரை அம்மன் அவனுக்கு வரம் குடுக்கிறா, ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு காவு. கடைசி 12 அத்தியாயத்துல 3,000 வீரர், 40 யானையோட வந்து, 40 நாள் முற்றுகை போட்டுக் கோட்டையைப் பிடிக்கிறான். நாடு கற்பனைதான். ஆனா நிலம் எண்ணூர்ல இருந்து பழவேற்காடு வரைக்கும்னு இந்தப் பக்கத்து ஆள் யாருக்கும் தெரியும். முதல் பாதி அருமை. முற்றுகை மட்டும் ஒட்டல. சொல்லுங்க.

ராயபுரம் ரயிலடி:
முற்றுகையில கை வைக்காதீங்கண்ணே. முதல் அத்தியாயத்துல வாளைக் காட்டிட்டு, கடைசியில வாளே வரலன்னா படிக்கிறவன் ஏமாந்துடுவான். நம்ம மண்ணுல இதுக்கு முன்மாதிரி இல்லாமலா? 8ஆம் நூற்றாண்டுல நந்திவர்ம பல்லவமல்லன் 12 வயசுல காஞ்சிக்கு வந்து பட்டம் ஏறினவன். அப்புறம் நந்திபுரத்துல எதிரிங்க அவனை வளைச்சுக்கிட்டப்போ, தளபதி உதயசந்திரன் வந்து சித்திரமாயனை வெட்டித்தான் மீட்டான். உதயேந்திரம் செப்பேட்டுல இருக்குது. சின்ன வயசு வாரிசு, முற்றுகை, வாள் எல்லாமே அங்க இருக்குது.

உப்பளத்து வாசகி:
தம்பி, நீங்க சொன்ன முன்மாதிரியையே முழுசாப் பாருங்க. பல்லவமல்லன் முந்தின ராஜாவின் மகன் இல்லை. கிளை வழியில் வந்தவன். குடிகள் தேர்ந்தெடுத்தவன் என்றுதான் பல்லவர் செப்பேடே சொல்கிறது. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் சுற்றுச் சுவர்ச் சிற்பங்களில் அந்தக் காட்சி இருக்கிறது: அண்ணன்மார் மறுக்க, கடைசிப் பையன் “நான் போகிறேன்” என்கிறான். உதயசந்திரனும் சும்மா வாள் எடுக்கவில்லை. அந்தச் செப்பேடு எழுதப்பட்டதே அவன் கேட்டுக்கொண்டபடி கொடுத்த ஊர்த் தானத்துக்காக. கையெழுத்துப் பிரதியில் இந்த இரண்டுமே இல்லை. 3,000 பேர் ஏன் இந்தப் பையனுக்காகச் சாக வருகிறார்கள் என்று ஒரு வரி கிடையாது.

அடுத்தது சோறு. ஒரு ஆளுக்கு நாளைக்கு 800 கிராம் அரிசி. 3,000 பேருக்கு 2.4 டன். மணல் வழியில் ஒரு மாட்டு வண்டி 600 கிலோ இழுக்கும் என்று வைத்தால் தினம் 4 வண்டி, 40 நாளைக்கு 160 வண்டி. இது அரிசி மட்டும்தான். மாட்டுத் தீவனம் தனி. யானைக்கு நாளைக்கு 150 கிலோ தழை என்றால் 40 யானைக்கு 6 டன். கழி ஓரத்தில் உமரியும் தாழையும்தான் வளரும். யானை எதைத் தின்னும்?

தண்ணீர் அதைவிட மோசம். கடலோர மணலில் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், உண்மைதான். ஆனால் அது உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிசாக மிதக்கும் மழைத் தண்ணீர். கொஞ்சமாக அள்ளினால் பல நாள் நிற்கும். 3,000 பேர் ஒரே இடத்தில் இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும். ஒரு வாரத்தில் ஊற்று கரிக்கும், அப்புறம் வயிற்றுப்போக்கு. கோட்டைக்குள் இருப்பவன் ஒரு அம்புகூட விட வேண்டாம்.

(இன்னொன்று: 31ஆம் அத்தியாயத்தில் வீரர்கள் வேலிக்காத்தான் முள்ளை வெட்டி அரண் போடுகிறார்கள். அந்த மரம் இந்த நாட்டுக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில். கோட்டையும் செப்பேடும் உள்ள காலத்துக்குப் பொருந்தாது. ஈச்ச முள் என்று மாற்றிவிடலாம்.)

ராயபுரம் ரயிலடி:
சரிக்கா, கணக்கு ஒத்துக்கிறேன். யானையை எடுத்துடுவோம். 600 பேர், கடல் வழியா ராத்திரி இறங்கறாங்க, 6 நாள்ல முடிஞ்சிடுது. இப்போ சோறும் பிரச்சினை இல்ல, தண்ணியும் பிரச்சினை இல்ல.

உப்பளத்து வாசகி:
கடல் வழி என்றால் அலை. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் சென்னைக் கரையில் கப்பல் நேராக ஒதுங்காது. தூரத்தில் நங்கூரம் போட்டு, மசூலாப் படகில்தான் ஆளும் சரக்கும் இறங்கும். அந்தப் படகில் ஆணியே கிடையாது. மாமரப் பலகையைக் கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் வைக்கோல் திணித்திருப்பார்கள். அலை தரையில் அறையும்போது பலகை வளைந்து கொடுக்கும், ஆணி அடித்த படகு பிளந்துவிடும். அலையை எண்ணி, எந்த அலையின் முதுகில் ஏறினால் கரை சேரலாம் என்று பார்த்துத் துடுப்பு போட வேண்டும். படகுக்கு 20 வீரர் என்றால் 600 பேருக்கு 30 நடை. வில்லின் நாண் நனையும், தோல் கவசம் ஊறிக் கனக்கும், ஒரு படகு குறுக்கே திரும்பினால் 20 பேரும் தண்ணீரில்.

இப்போது என் கேள்வி. அந்தத் துடுப்பை யார் போடுகிறார்கள்? குப்பத்து ஆட்கள். அவர்கள் பையனை ஏற்றுக்கொண்டால்தான் படையே கரையேறும். அந்த ஏற்பு நாவலில் எங்கே நடக்கிறது?

மூலகொத்தளம்:
அக்கா கேட்டதுக்குப் பதில் மந்திரத்துலதான் இருக்குது, அங்கதான் கைப்பிரதி ரொம்பச் சறுக்குது. மொத்தம் 9 வரம். முதல் வரத்துக்கு விரல் போகுது. 4ஆவதுக்கு ஒண்ணுமே போகல. 7ஆவதுக்கு யாரோ பேர் தெரியாத சிப்பாய் சாகறான். விலைக்கு ஒழுங்கே இல்லன்னா பயமும் இருக்காது. எழுதறவர் ஒரு தாள்ல நாலு கட்டம் போடணும்: என்ன கேட்டான், என்ன போச்சு, யாரோடது போச்சு, யார் கவனிச்சாங்க. நாலாவது கட்டம் காலியா இருந்தா அந்த வரத்தை வெட்டிடலாம்.

இருட்டுக்காக வெளியூர்ப் பேயைக் கூட்டிட்டு வரவும் வேணாம். மாசியில மயானக் கொள்ளை அன்னிக்கு அங்காளம்மன் சுடுகாட்டுக்குள்ள போறதை வட சென்னையில பார்க்காதவங்க யாரு? சாம்பல், எலும்பு, வாயில கோழி. அந்த அம்மன் கெட்டவ இல்ல, ஆனா கணக்குல கறார்.

என் யோசனை இது. பழவேற்காட்டுக் கழியில பாடு முறை இருக்குதில்ல? எந்த இடத்துல எந்த நாள் யார் சுத்துவலை போடறதுன்னு சீட்டுப் போட்டு முறை வைப்பாங்க. அம்மன் அவன் விரலைக் கேட்க வேணாம், ஒரு குடும்பத்தோட பாடு முறையைக் கேட்கட்டும். அவன் ஒரு வரம் வாங்கினா, ஏதோ ஒரு வீட்டுக்காரங்க தங்கள் முறையில வலை இழுக்கறப்போ ஒரு இறால்கூட இருக்காது. அன்னிக்கு அந்த வீட்டுல உலை ஏறாது. முறை யார் யாருதுன்னு ஊருக்கே தெரியும். அதனால 3 தடவை நடந்தா யாராவது நாளைக் கூட்டிப் பார்ப்பாங்க. அந்த ஆள் செவிலித்தாயா இருக்கட்டும்.

ராயபுரம் ரயிலடி:
அப்போ நாயகன் குப்பத்துக்காரங்க சோத்தைத் திருடறவனா ஆயிடுவானே? அவன் பக்கம் யார் நிப்பாங்க?

மூலகொத்தளம்:
தெரியாம 2 தடவை, தெரிஞ்சு 1 தடவை. அந்த மூணாவதுதான் நாவலோட நடு. தெரிஞ்சப்புறம் அவன் குப்பத்துப் பஞ்சாயத்துல வந்து ஒத்துக்கணும். அக்கா கேட்ட ஏற்பு அங்க நடக்கும், இல்ல நடக்காம போகும். ரெண்டுல எது நடந்தாலும் கதை நிக்கும்.

கொருக்குப்பேட்டை:
பேச்சு பத்தி ஒண்ணு. 11 வருஷம் குப்பத்துல வளர்ந்த பையன் “தாயே, விடை கொடுங்கள்”னு பேசறது காதுல ஒட்டல. அவனுக்குக் காத்துல வாடையும் கொண்டலும் கச்சானும் தெரியணும், நீரோட்டம் தெண்டியா வன்னியான்னு தண்ணியைப் பார்த்தே சொல்லணும். அரண்மனையில போய்ப் பேசறப்போ அவன் நாக்கே அவனைக் காட்டிக் குடுக்கணும். “இன்னா”ன்னு ஒரு வார்த்தை, சபையே திரும்பணும்.

உப்பளத்து வாசகி:
பாடு யோசனை பிரமாதம். அதோடு சேர்த்து முடிவைச் சொல்கிறேன். அந்த நாட்டின் வருமானம் உப்பு. 1805இல் கும்பெனி சென்னை மாகாண உப்பைத் தன் ஏகபோகமாக எடுத்துக்கொண்டது சும்மா இல்லை. உப்பு இல்லாமல் யாரும் வாழ முடியாது. மழைக்காலத்தில் கோட்டையின் சாப்பாடு கருவாடு. 4 கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பாவது வேண்டும். கோடையில் வாரிய உப்பை மேட்டில் அம்பாரம் குவித்து, ஐப்பசி மழைக்கு முன்னால் பனையோலை வேய்ந்து மூடுவார்கள். அந்த வருஷம் உப்பளத்து ஆட்கள் வேயவில்லை. அவ்வளவுதான். ஒரு ராத்திரி மழை, உப்பு போனது, கோட்டை விழுந்தது.

ராயபுரம் ரயிலடி:
அக்கா, இப்போ நான் கணக்குக் கேட்கிறேன். 100 மில்லி தண்ணியில கரையறது 36 கிராம் உப்பு. ஒரு அம்பாரம் 10 டன், அடிப்பரப்பு 20 சதுர மீட்டர்னு வைங்க. 100 மில்லிமீட்டர் பேய்மழை பெஞ்சாலும் அது மேல விழறது 2,000 லிட்டர். மிஞ்சிப்போனா 720 கிலோ கரையும். மேல் ஓடு இறுகிடுச்சுன்னா அதுவும் குறையும். ஒரு ராத்திரியில உப்பு போகாது.

உப்பளத்து வாசகி:
சரிதான், தவறு என்னுடையது. மேலிருந்து வரும் மழை போதாது. அடியிலிருந்து வெள்ளம் வர வேண்டும். அதற்கு முகத்துவாரம் அடைபட்டிருக்க வேண்டும். கோடையில் மணல் திட்டு மூடிக்கொள்ளும். மழை தொடங்கியதும் அதை வெட்டிவிட்டால்தான் ஆற்று வெள்ளம் கடலுக்குப் போகும். வெட்டாமல் விட்டால் கொசஸ்தலை மாதிரி ஆறு கொண்டுவருவது முழுக்கக் கழியில் தேங்கி, பாத்திகளைத் தாண்டி அம்பாரத்தின் காலைக் கரைக்கும். 3 நாள் போதும். ஆனால் மணல் திட்டை வெட்டாமல் விட்டால் முதலில் முங்குவது குப்பம்தான்.

ராயபுரம் ரயிலடி:
அப்போ சண்டை அங்கதான்! சித்தப்பன் சும்மா இருப்பானா? மண்வெட்டியோட ஆளையும், அவங்களுக்குக் காவலா வேல்படையையும் திட்டுக்கு அனுப்புவான். இளவரசனோட 600 பேர் அந்த மணல் மேல நிக்கணும். ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் ஏறிட்டே வர்ற கழி, முட்டி வரைக்கும் தண்ணி. வெட்ட வர்றவன் ஒரு முழ ஆழம் கால்வாய் போட்டுட்டாலே போதும், மீதியைத் தண்ணியே அறுத்துக்கும். அதனால ஒவ்வொரு மண்வெட்டியையும் தடுக்கணும். கோட்டை மதில்ல ஏணி போடறதைவிட இது நூறு மடங்கு நல்ல சண்டை.

மூலகொத்தளம்:
அந்தத் திட்டு மேல 9ஆவது வரத்தை அவன் கேட்கக் கூடாது. அம்மன் தண்ணிக்குள்ள காத்துட்டு இருக்கட்டும்.

ராயபுரம் ரயிலடி:
கேட்கணும். கேட்கலன்னா மந்திரத்தை எதுக்கு 8 தடவை காட்டினாங்க?

எண்ணூர்க் கழி:
கேட்டா, அன்னிக்கு யாரோட பாடு?

உப்பளத்து வாசகி:
செவிலித்தாய் வீட்டு முறை. அதையும் அவள் முன்னாலேயே கூட்டிப் பார்த்திருப்பாள்.