இன்சார்ஜ் திட்டுவதை வெளியே சொன்னால் மானநஷ்ட கேஸ் வருமா? (மணலி, கன்டெய்னர் யார்டு)

ஷிஃப்ட்_சி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மணலி பக்கம் ஒரு தனியார் யார்டு. டேலி (சரக்கை எண்ணிப் பதிவது), பில்லிங், லேபர் எல்லாம் சேர்த்து 60 பேருக்கு மேல், அதில் பாதி கான்ட்ராக்ட். நைட் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒருவர் எல்லோர் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார், ஓவர்டைம் லிஸ்ட்டில் பேரை அடிக்கிறார், எதிர்த்துக் கேட்டால் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்கிறார். கடுப்பில் ஒரு பையன் ஏரியா வாட்ஸ்ஆப் குரூப்பில் "மூணாம் ஷெட் இன்சார்ஜ் ஒரு சைக்கோ, கான்ட்ராக்டர்கிட்ட கமிஷன் வாங்குறான், பொம்பளைங்க ஜாக்கிரதை" என்று போட்டுவிட்டான். பேர் போடவில்லை. ஏழெட்டுப் பேர் அதை வேறு குரூப்புகளுக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது இன்சார்ஜ் "ஒரு கோடிக்கு கேஸ் போடுறேன், எல்லாரையும் ஸ்டேஷன்ல உக்கார வைக்கிறேன்" என்கிறார்.

இது வெறும் மிரட்டலா, நிஜமாகவே மாட்டுவார்களா? நடப்பதை மாட்டிக்கொள்ளாமல் எப்படிச் சொல்வது?

வழக்குக்கட்டு எழுதியது:

"பேர் போடவில்லை" என்பதை முதலில் மறந்துவிடுங்கள். மூன்றாம் ஷெட்டுக்கு இன்சார்ஜ் ஒருவர்தான் என்றால், குரூப்பில் இருப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். சட்டத்துக்கு அது போதும். கம்பெனியையே சேர்த்துத் திட்டியிருந்தால் கம்பெனியும் தனியாக வழக்குப் போடலாம்.

அந்த ஒரு வரியில் மூன்று தனித்தனிச் சரக்கு இருக்கிறது. "சைக்கோ" வெறும் வசவு. ஒழுங்கு நடவடிக்கைக்கு உதவுமே தவிர, அதை வைத்துப் பெரிய வழக்கு நடத்துவது கஷ்டம். "கமிஷன் வாங்குறான்" அப்படியில்லை. நடந்த விஷயமாகச் சொல்லும் குற்றச்சாட்டு அது. சொன்னவன்தான் நிரூபிக்க வேண்டும். கையில் கணக்கோ சாட்சியோ இல்லாவிட்டால் மாட்டுவது அந்த இரண்டு வார்த்தையில்தான். "பொம்பளைங்க ஜாக்கிரதை" அதைவிட மோசம். எதுவும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. படிக்கிறவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வாரோ, அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

இப்போது மிரட்டலுக்கு வருகிறேன். கிரிமினல் அவதூறு முன்பு இ.பி.கோ. 499, 500. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவு. 2 ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவையும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ஜாமீன் கிடைக்கும் குற்றம்தான். போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது செய்யும் பிரிவு இது இல்லை. பாதிக்கப்பட்டவர் நேராக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப்புகார் கொடுக்க வேண்டும். வழக்கைக் கோப்பில் எடுப்பதற்கு முன் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே இந்தப் பிரிவை வைத்து ஸ்டேஷனில் உட்கார வைக்க முடியாது. போன் போட்டுக் கூப்பிட்டால், எழுத்தில் சம்மன் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

சிவில் மானநஷ்ட வழக்குக்குக் கெடு ஒரு வருடம், கிரிமினலுக்கு 3 வருடம். ஒரு கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்ப வக்கீல் ஃபீஸும் தபால் செலவும் போதும். அதையே வழக்காகப் போட வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம், அதாவது 3 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். நோட்டீஸோடு நின்றுபோகும் கோடிகள் ஏராளம். அதற்காக நோட்டீஸைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

ஃபார்வர்ட் செய்தவர்களும் தப்பவில்லை. "நான் எழுதல, தள்ளிவிட்டேன்" என்பது பதிலே ஆகாது. 2018-இல் வேறொருவர் எழுதியதை முகநூலில் பகிர்ந்ததற்காக எஸ்.வி. சேகருக்கு 2024 பிப்ரவரியில் சென்னைக் கோர்ட் ஒரு மாதச் சிறை விதித்தது. அது வேறு பிரிவுகளில் வந்த வழக்கு, ஆனால் பகிர்ந்தவர் கை கழுவ முடியாது என்பதற்கு அந்த உதாரணம் போதும். அட்மின் பாவம், அவர் பயப்பட வேண்டாம். அட்மினாக இருப்பதற்காக மட்டும் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது.

கல்மண்டபம் எழுதியது:

இவ்ளோ எதுக்கு சார்? பேர் இல்லாம ஒரு மொட்டைப் பெட்டிஷன் தட்டி எம்.டி.க்கும் கலெக்டருக்கும் அனுப்பிட்டா வேலை முடிஞ்சிது. உண்மையைத்தானே சொல்றோம், உண்மை சொன்னா எப்படிக் கேஸ் வரும்?

வழக்குக்கட்டு எழுதியது:

கல்மண்டபம், சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் அதோடு முடிந்தது. கிரிமினலில் முடியாது. உண்மையாக இருக்க வேண்டும், அதை வெளியே சொன்னது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். ஏரியா குரூப்பில் மீன் விலைக்கும் தண்ணி லாரிக்கும் நடுவில் போட்டதை எந்தப் பொது நன்மையில் சேர்ப்பது?

உங்களுக்கு நிஜமாகக் கைகொடுப்பது 356-க்குள் இருக்கும் எட்டாவது விதிவிலக்கு. ஒருவரைப் பற்றி, அவர் மேல் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தால் அது அவதூறு ஆகாது. ஓர் ஊழியர் குடித்துவிட்டு வந்து கருவூல அதிகாரியைத் திட்டினார் என்று சக ஊழியர்கள் அந்த அதிகாரியிடமே எழுதிக் கொடுத்தார்கள். அவர் திருப்பி அவதூறு வழக்குப் போட்டார். இந்த விதிவிலக்கைக் காட்டித்தான் உச்ச நீதிமன்றம் 1999-இல் அந்த வழக்கை ரத்து செய்தது. அதே வார்த்தைகளை டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தால் கதை வேறு.

சட்டம் பேசும் நல்லெண்ணம் மனசு சுத்தமாக இருப்பதல்ல, உரிய கவனத்தோடு விசாரித்துச் சொன்னதா என்பதுதான். மொட்டைக் கடிதாசியில் அதைக் காட்டவே முடியாது. அதன்மேல் நடவடிக்கையும் வராது, யார் எழுதியது என்ற வேட்டைதான் வரும்.

பேசின்பிரிட்ஜ் எழுதியது:

தோழர், வழக்கு வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அதற்கு முன்னால் வரப்போவது மெமோ. கம்பெனிப் பேரைக் கெடுத்தான் என்று விளக்கம் கேட்டு ஷோகாஸ் நோட்டீஸ், பிறகு கம்பெனிக்குள்ளேயே டொமஸ்டிக் என்கொயரி. கான்ட்ராக்ட் ஆள் என்றால் அதுகூட இல்லை, மறுநாள் கேட் பாஸ் வேலை செய்யாது. அதனால் அந்தப் பையன் மெமோவுக்கு முன்னால் முறையான புகாரை உள்ளே கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குத் தேதியோடு இன்வார்ட் சீல் வாங்கிவிட வேண்டும். தேதி முன்னால் இருந்தால் பிறகு வரும் மெமோ பழிவாங்கலாகத் தெரியும். பின்னால் இருந்தால் உங்கள் புகார்தான் சாக்காகத் தெரியும்.

பணியிடத் துன்புறுத்தல் எல்லாவற்றுக்கும் பொதுவாக நம் நாட்டில் ஒரே தனிச் சட்டம் கிடையாது. எந்த வகைத் துன்புறுத்தல் என்று பார்த்து அதற்குரிய வாசலைத் தட்ட வேண்டும்.

திட்டு, ஓவர்டைம், கேட் பாஸ்: 20 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள இடத்தில் குறைதீர்க்கும் குழு இருந்தாக வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் பாதி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இது இருக்கிறது. சம்பவத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்கலாம். குழுவே இல்லை என்றால் "குழுவின் உறுப்பினர்கள் யார் என்று தெரிவிக்கவும்" என்று எச்.ஆருக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள். பதில் வராததும் ஓர் ஆவணம்தான். கான்ட்ராக்ட் ஆட்கள் கான்ட்ராக்டருக்கும் யார்டு நிர்வாகத்துக்கும், இரண்டு பேருக்குமே கொடுக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் மற்றவரைக் கை காட்டுவார்.

அடுத்து லேபர் ஆபீஸ். இங்கேதான் பலர் மூன்று மாதத்தை வீணடிக்கிறார்கள். பெரிய துறைமுகத்தைச் சேர்ந்த தகராறு என்றால் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர், சாஸ்திரி பவன். வெளியே இருக்கும் தனியார் யார்டு மாநிலத் தொழிலாளர் துறைக்குக் கீழே. மணலி யார்டு என்கிறீர்கள், இரண்டாவது.

பெண்களிடம் தவறாக நடக்கிறார் என்பது உண்மை என்றால் அது 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, கம்பெனிக்குள் இருக்க வேண்டிய உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டிய புகார். 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். கான்ட்ராக்ட் பெண்களுக்கும் பொருந்தும். குழுவே அமைக்கவில்லை என்றால் நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். முதலாளியே குற்றவாளி என்றாலோ 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலோ மாவட்ட உள்ளூர்க் குழு. மணலி 2018 முதல் சென்னை மாவட்டம், ஆகவே ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை. திருவள்ளூருக்கு அலைய வேண்டாம். கவனிக்க: அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகாரில் உள்ளதையும் பேர்களையும் வெளியிடத் தடை போடுகிறது. புகார் கொடுத்த கையோடு அதன் போட்டோவைக் குரூப்பில் போட்டால் தப்பு உங்கள் பக்கம் திரும்பும். நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப் புகார் என்று ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். அப்படி ஆகாது என்று 14ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

சாதிப் பேர் சொல்லித் திட்டினாரா? பட்டியல் சாதி, பழங்குடித் தோழர் ஒருவரைப் பொதுப் பார்வையில் வைத்து என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதில் ஸ்டேஷனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். மூடிய அறையில் இரண்டு பேருக்குள் என்றால் நிற்காது, அதனால் யார் யார் பார்த்தார்கள் என்பதை எழுதி வையுங்கள்.

யூனியன் லெட்டர்ஹெட்டில் அனுப்பினால் பாதுகாப்பு என்று சொல்பவர்கள் உண்டு. அரை உண்மை. 1918-இல் பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளர்கள் சங்கம் கண்டார்கள்; 1920 தகராறின்போது நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மேலேயே உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. அந்தச் சூட்டில்தான் 1926 தொழிற்சங்கச் சட்டமும் அதிலுள்ள வழக்குப் பாதுகாப்பும் வந்தன. அந்தப் பாதுகாப்பு வேலைநிறுத்தம் போன்ற தகராறு நடவடிக்கைக்கு. அவதூறுக்குக் குடை பிடிக்காது.

ஷிஃப்ட்_சி எழுதியது:

ரொம்ப நன்றி தோழர், நன்றி சார். மூன்று சந்தேகம். புகாரை எப்படி எழுதுவது? 30 பேர் கையெழுத்துப் போடத் தயார், வாங்கலாமா? குரூப்பில் போட்டதை இப்போது அழித்துவிடலாமா? இன்சார்ஜ் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்.

வழக்குக்கட்டு எழுதியது:

எழுதும் விதம். "தினமும் அசிங்கமாகத் திட்டுகிறார், மனிதாபிமானமே இல்லாதவர்" என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம். இப்படி எழுதுங்கள்:

"12ஆம் தேதி இரவு ஷிஃப்ட், சுமார் 10.40 மணி, 3ஆம் ஷெட் எடைமேடை அருகில். சீல் நம்பர் தவறாக எழுதப்பட்டதாகச் சொல்லி, என்னைப் பார்த்து 'நாயே, வெளியே போடா' என்றார். என் கேட் பாஸை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காலை 6.10-க்குத் திருப்பித் தந்தார். டேலி கிளார்க் இருவர் உடனிருந்தனர்."

வசவை அப்படியே மேற்கோளில் போடுங்கள், நாகரிகம் பார்த்து "தகாத வார்த்தை" என்று மாற்றினால் புகார் செத்துப்போகும். நீங்கள் பார்க்காததை எழுத வேண்டாம். கமிஷன் விஷயம் சந்தேகம்தான் என்றால் "கான்ட்ராக்டர் பில்களையும் ஓவர்டைம் பதிவேட்டையும் தணிக்கை செய்யக் கோருகிறேன்" என்று கேட்கலாம், குற்றம் சாட்டக் கூடாது. சிசிடிவி பதிவு சில நாளில் மேலெழுதப்பட்டுவிடும், ஆகவே தேதி நேரம் குறிப்பிட்டு அதைப் பாதுகாக்கச் சொல்லிக் கடைசிப் பத்தியில் கேளுங்கள். சிசி போடுவது அதிகாரம் உள்ளவர்களுக்கு மட்டும். நகலை ஏரியா கவுன்சிலருக்கும் யூடியூப் சேனலுக்கும் தட்டினீர்களோ, எட்டாவது விதிவிலக்கை நீங்களே கிழித்துப்போட்டதாக ஆகும்.

30 கையெழுத்து வேண்டாம். ஒருவர் மனுவில் 30 பேர் போட்டால், அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் 30 பேரும் பொறுப்பு. குறுக்கு விசாரணையில் "இந்தச் சம்பவத்தைப் பார்த்தீர்களா" என்றதும் 25 பேர் கழன்றுகொள்வார்கள். பார்த்த 5 பேர் அவரவர் கண்டதைத் தனித்தனித் தாளில் எழுதட்டும்.

அழிப்பதற்கு முன் பதிவு, நேரம், யார் பகிர்ந்தார்கள் என்பது தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு அழிக்கலாம். அழித்தால் குற்றம் போகாது, பரவுவது நிற்கும். இன்சார்ஜ் அனுப்பிய மிரட்டல் மெசேஜ்களைத் தொடவே கூடாது. மறையும் மெசேஜ் வசதி ஆனில் இருந்தால் இன்றைக்கே ஆஃப் செய்யுங்கள். எந்த போனில் வந்ததோ அந்த போனை விற்காதீர்கள். கோர்ட்டுக்குப் போனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள், அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும். வெட்டி ஒட்டிய ஆடியோ அங்கே பல்லிளிக்கும்.

மன்னிப்புக் கடிதத்தில் "பொய்யான தகவலைப் பரப்பினேன்" என்று இருந்தால் அது ஒப்புதல் வாக்குமூலம். அதை வாங்கிக்கொண்டு மறுநாளே கேஸ் போடலாம். தேவைப்பட்டால் "இன்ன தேதிப் பதிவை நீக்கிவிட்டேன், என் குறைகளை நிர்வாகத்திடம் முறைப்படி தெரிவிக்கிறேன்" என்று மட்டும் எழுதிக் கொடுக்கலாம், அதுவும் வக்கீல் பார்த்த பிறகு. வக்கீலுக்குக் காசில்லை என்றால், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100-க்கு அடித்தால் வழி சொல்வார்கள்.

பேசின்பிரிட்ஜ் எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. எச்.ஆர். சீல் போட மறுத்தால் அங்கே நின்று சண்டை போடாமல் தபாலில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் கவுன்டரில் ரெஜிஸ்ட்ரேஷன் வசதியோடு என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ரசீதையும் டெலிவரி காட்டும் பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள், அந்த மை மூன்றே மாதத்தில் வெளுத்துவிடும்.