குடும்பக் குழுவில் கயலின் நீதிபதி

செந்தில்: கயல், நாளைக் கல்லூரியில் எதைப் பற்றிப் பேசப்போகிறாய்? அப்பா கேட்கச் சொன்னார்.

கயல்: எஸ்வாட்டினி நீதிபதி தாமஸ் மசுகு பற்றி, அண்ணா. 2018 வரை சுவாசிலாந்து என்று பெயர். தென்னாப்பிரிக்காவுக்கும் மொசாம்பிக்குக்கும் நடுவில் இருக்கும் சின்ன நாடு. இன்றைக்கும் மன்னராட்சிதான்.

பெரியப்பா: அங்கே நீதிபதியை யார் நியமிப்பது?

கயல்: மன்னர் மூன்றாம் ம்ஸ்வாட்டிதான், பெரியப்பா. நீதித்துறைப் பணி ஆணையம் ஒன்று ஆலோசனை சொல்லும். அந்த ஆணையத்தில் இருப்பவர்களையும் அவர்தான் போடுகிறார். 2005 அரசியலமைப்பில் நீதித்துறை சுதந்திரமானது என்று இருக்கிறது. மன்னர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதிலேயே இருக்கிறது.

ராஜி அத்தை: அப்புறம் எந்தத் தைரியத்தில் தீர்ப்பு எழுதுவார்கள்?

கயல்: அதனால்தான் இவரை எடுத்தேன், அத்தை. 1999இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 2002 அக்டோபரில் ஒரு தாய் வழக்குப் போட்டார். 18 வயது மகள், படித்துக்கொண்டிருந்த பெண். மன்னருக்கு மனைவியாக்க அரண்மனை ஆட்கள் கூட்டிப் போய்விட்டார்கள். என் பெண்ணைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார் அந்த அம்மா. மசுகு இருந்த உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல், ராணுவம், போலீஸ், சிறைத்துறை மூன்றின் தலைவர்களையும் கூட்டிக்கொண்டு நீதிபதிகளிடம் வந்தார். வழக்கைக் கைவிடுங்கள், இல்லையென்றால் ராஜினாமா செய்யுங்கள் என்றார்.

பெரியப்பா: நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்த காலத்தில் ஒரு தாசில்தார்கூட அனுமதி கேட்காமல் நீதிபதி அறைக்குள் வந்ததில்லை. ராணுவத் தளபதியா?

கயல்: ஆமாம். வழக்கு கடைசிவரை நடக்கவில்லை. அந்தப் பெண் பிறகு மன்னரின் மனைவியாகிவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் இன்னொன்று. இரண்டு தீர்ப்புகளை அரசு ஏற்காது என்று பிரதமர் அறிவித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்த தென்னாப்பிரிக்க நீதிபதிகள் ஆறு பேரும் சேர்ந்து ராஜினாமா செய்துவிட்டார்கள்.

செந்தில்: மசுகு?

கயல்: இருந்தார். நடுவில் போட்ஸ்வானா உயர் நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். 2011இல்தான் அவருக்கு வினை வந்தது. ஒரு விவசாயியின் மாடுகளை மன்னரின் பெயரைச் சொல்லிப் பறிமுதல் செய்திருந்தார்கள். அந்த வழக்கின் தீர்ப்பில் மசுகு எழுதியதன் சாரம் இது: அரசியலமைப்பில் ஒன்றைச் சொல்லிவிட்டு அதிகாரிகளிடம் வேறொன்றைச் சொல்ல மன்னருக்கு இரட்டை நாக்கு இருக்கும் என்று நம்பவே முடியாது.

ராஜி அத்தை: இது மன்னரை உயர்த்தித்தானே சொல்கிறது!

கயல்: அத்தை, நானும் இதை எத்தனை முறை படித்தாலும் அப்படித்தான் படுகிறது. ஆனால் இரட்டை நாக்கு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, மன்னரை அவமதித்தார் என்று குற்றச்சாட்டு எழுதினார்கள். அதோடு இன்னும் சிலவற்றையும் சேர்த்தார்கள். ஜூனில் சஸ்பெண்ட், செப்டம்பரில் பதவிநீக்கம். புகார் கொடுத்தவர் தலைமை நீதிபதி மைக்கேல் ரமோடிபேடி. விசாரித்த ஆணையத்தின் தலைவரும் அவரே. விலகிக்கொள்ளுங்கள் என்று மசுகு கேட்டார், அவர் விலகவில்லை. விசாரணையும் மூடிய கதவுக்குள். என்னைக் கேட்டால் இந்த ஒன்றே போதும், அந்த உத்தரவு செல்லாது என்று சொல்ல.

பெரியப்பா: புகார்தாரரே நீதிபதியாக உட்காரக் கூடாது. முன்சீப் கோர்ட்டுக்கே அது தெரியும். வக்கீல்கள் சும்மாவா இருந்தார்கள்?

கயல்: இல்லை, ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை நீதிமன்றப் புறக்கணிப்பு. அந்த ரமோடிபேடி ஜூனிலேயே, மன்னருக்கு எதிரான வழக்கு எதையும் பதிவாளர் வாங்கவே கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருந்தார். நீதி அமைச்சர் டேவிட் மாட்சேவும் பதவி இழந்தார். மசுகுவின் நீக்க உத்தரவில் கையெழுத்துப் போட மறுத்ததுதான் காரணம் என்று செய்தி வந்தது.

செந்தில்: அந்த ரமோடிபேடி என்ன ஆனார்?

கயல்: 2014இல் அரசு வாகனங்களைச் சோதிக்கும் ஓர் அதிகாரி, உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் காரை நிறுத்தினார் என்று கைதானார். தலைமை நீதிபதி நடந்துகொண்ட விதத்தைக் கண்டித்து எழுதினார்கள் வழக்கறிஞர் துலானி மசேகோவும் ‘தி நேஷன்’ இதழாசிரியர் பேக்கி மகுபுவும். நீதிமன்ற அவமதிப்பு என்று இருவருக்கும் இரண்டு ஆண்டு சிறை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ரமோடிபேடி மேலேயே பிடிவாரண்ட் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஜூனில் மன்னர் அவரையும் நீக்கினார். அந்த மாதக் கடைசியில் மசேகோவும் மகுபுவும் வெளியே வந்தார்கள்.

ராஜி அத்தை: அப்பாடா. செய்தவன் அனுபவித்தான்.

கயல்: அத்தை, என்னால் அப்படி ஆறுதல்பட முடியவில்லை. மசுகுவை வெளியே அனுப்பியதும் ரமோடிபேடியை வெளியே அனுப்பியதும் அதே மன்னரின் கைதான். நாளை இதைத்தான் பேசப்போகிறேன். மசேகோவை 2023 ஜனவரி 21 அன்று அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மனைவி, பிள்ளைகள் கண்ணெதிரே.

ராஜி அத்தை: ஐயோ.

பெரியப்பா: மசுகு உயிரோடு நல்லபடியாக இருக்கிறார் அல்லவா?

கயல்: நமீபியா அவரை அழைத்துக்கொண்டது, பெரியப்பா. விண்ட்ஹோக்கில் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அங்கே அவர் எழுதிய தீர்ப்புகள் நிறைய கிடைக்கின்றன. சிவில் வழக்கு நடைமுறை பற்றியவைதான் அதிகம். வாய்தா வாங்கி இழுத்தடிப்பவர்களை விடுவதே இல்லை.

பெரியப்பா: அப்படியா? அதில் இரண்டு மூன்றை அச்செடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். போனில் எனக்குப் படிக்க வராது.

கயல்: சரி பெரியப்பா, பெரிய எழுத்தில் எடுத்து வைக்கிறேன்.