கூட்டலில் 3 மதிப்பெண் அதிகம் என்று பையனே வந்து சொன்னான். நான் செய்தது சரியா?

கேள்வி (பயிற்சி ஆசிரியர், கணிதம்)

பி.எட். இரண்டாம் ஆண்டு. 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்காக விழுப்புரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பில் தேர்வுத் தாள் கொடுத்தேன். மூன்றாவது பெஞ்சுப் பையன் எழுந்து வந்து, "சார், 41 போட்டிருக்கீங்க. கூட்டிப் பார்த்தா 38தான் வருது" என்றான். நான் 41ஐ அடித்து 38 என்று எழுதி, "சரி, போய் உட்கார்" என்றேன். பின்பெஞ்சில் சிரித்தார்கள். "பொழைக்கத் தெரியாதவன்டா" என்று ஒருவன் சொன்னது என் காதிலும் விழுந்தது. பீரியட் முடியும்வரை அந்தப் பையன் தலை நிமிரவே இல்லை.

என் பாடக்குறிப்பில் 'விழுமியம்' என்று ஒரு வரி உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் அதில் 'நேர்மை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அதே நேர்மை மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. திங்கட்கிழமை அதே வகுப்பு. அந்த 3 மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

பதில் 1 (கணித ஆசிரியை)

கொடுக்காதீர்கள் தம்பி. அவன் மதிப்பெண் கேட்டு வரவில்லையே. தப்பாகக் கூட்டியது நீங்கள். அதை வாய் திறந்து சொல்லாமல் விட்டீர்கள், அவன் மட்டும் தனியாக நின்றான். திங்களன்று பாடம் தொடங்குமுன், "நான் தப்பாகக் கூட்டிவிட்டேன், இவன் பார்த்துச் சொன்னான், நன்றி" என்று சொல்லுங்கள். அரை நிமிடம் போதும். அப்புறம் தாள்களைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். அவனை முன்னால் நிறுத்திக் கைதட்ட மட்டும் வைக்க வேண்டாம், அந்த வயதில் கூசிப்போவான். கேலி செய்தவனையும் திட்டாதீர்கள். அது அவன் வீட்டிலோ தெருவிலோ கேட்ட சொல்.

பதில் 2 (கல்வியியல் கல்லூரி விரிவுரையாளர்)

இதில் எங்கள் குறையும் இருக்கிறது. 2015இல் பி.எட். இரண்டு ஆண்டானது, பள்ளியில் இருக்கும் நாள்கள் கூடின. ஆனால் நுண்ணிலைக் கற்பித்தலில் (ஒரு திறனை மட்டும் சில நிமிடம் நடத்திப் பழகும் பயிற்சி) இன்னும் வினாக் கேட்டல், வலுவூட்டல், கரும்பலகைத் திறன் என்றுதான் பழக்குகிறோம். நான் இப்போது சீட்டில் ஒரு சம்பவத்தை எழுதிக் கொடுத்து நடிக்கச் சொல்கிறேன். 'ஜாமெட்ரி பாக்ஸ் காணோம். வகுப்பே ஒரு பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறது.' ஆசிரியராக நிற்பவர் பெரும்பாலும் முதலில் சொல்வது, "பையைத் திற." அந்தப் பிள்ளையாக உட்கார்ந்தவர் அப்போது தனக்கு எப்படி இருந்தது என்று சொல்வார். அதற்குப் பிறகுதான் பேச்சே தொடங்கும்.

பதில் 3 (தமிழாசிரியர்)

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை திருக்குறளின் 105 அதிகாரங்களைக் கற்பிக்க 2017இல் அரசாணை வந்தது. அது நல்லதுதான். ஆனால் திங்களன்று குறள் எதுவும் சொல்லிவிடாதீர்கள், அறிவுரையாகிவிடும். 'வாய்மை' அதிகாரம் நடத்தும்போது பிள்ளைகளுக்கே அந்தத் தாள் நினைவுக்கு வரும்.

கேள்வி கேட்டவர்

சொன்னேன் அம்மா. குரல் கொஞ்சம் நடுங்கியது. கூட்டிப் பார்த்ததில் இன்னும் இரண்டு தாளில் நான் குறைத்துப் போட்டிருந்தது தெரிந்து, திருத்திக் கொடுத்தேன். அந்தப் பையன் எதுவும் பேசவில்லை. மணி அடித்ததும் டஸ்டரை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசல்வரை கூடவே வந்தான்.