1,350 கோடி ஆண்டுப் பழைய ஒளி தெரிகிறது. பக்கத்துக் கேலக்ஸியின் கோள் ஏன் தெரியவில்லை?

மாலைவெள்ளி கேட்டது:

1,350 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியைப் பிடித்து, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஒரு கேலக்ஸியைக் காட்டியதாகப் படித்தேன். ஆனால் நம் சூரியக் குடும்பத்திலேயே உள்ள புளூட்டோ, 2015இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகே சென்று படமெடுக்கும் வரை, ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் மங்கலான திட்டாகத்தான் இருந்தது. அவ்வளவு தொலைவைப் பார்க்கும் கருவிகளால், 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆந்த்ரோமீடா கேலக்ஸியில் ஒரு விண்மீனைச் சுற்றும் கோளைக் காட்ட முடியாதா? இவற்றில் எது கண்டது, எது கணித்தது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

கதிர்வட்டம் எழுதியது:

தொலைவைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பொருள் வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் கிடைப்பது ஒரு வில்விநாடி. புளூட்டோவின் அகலம் ஏறத்தாழ 0.1 வில்விநாடிதான். நீங்கள் சொன்ன அந்த 1,350 கோடி ஆண்டுப் பழைய ஒளியில் தெரியும் ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற மிகத் தொலைவுக் கேலக்ஸி 1,600 ஒளியாண்டு அகலமுள்ளது என்பதால், வானத்தில் அது புளூட்டோவைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரிகிறது. ஆந்த்ரோமீடாவோ 3 பாகை, அதாவது ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த நீளம்.

ஹபிள் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறத்தாழ 0.05 வில்விநாடி. ஆந்த்ரோமீடாவின் தொலைவில் அது 0.6 ஒளியாண்டுக்குச் சமம். சூரியனிலிருந்து நெப்டியூனுக்கு ஒளி சென்று சேர நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகிறது என்றால், அப்படிப்பட்ட ஒரு குடும்பம் முழுவதும் அந்த 0.6 ஒளியாண்டுக்குள் எங்கோ ஒரு மூலையில் அடங்கிவிடும். எனவே கோளைத் தனியாகப் படமெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் விண்மீன்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிகின்றன. 2015இல் வெளியான ஹபிளின் ஆந்த்ரோமீடா படத்தில் 10 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. புள்ளிதானே என்று அலட்சியம் செய்துவிட முடியாது. அதே கேலக்ஸியில் 1923இல் வானியலாளர் எட்வின் ஹபிள், ஒளி கூடிக் குறையும் ஒரு செஃபீட் விண்மீனைக் கண்டு, அதைக்கொண்டு தொலைவைக் கணக்கிட்டதால்தான் அது நம் பால்வீதிக்கு வெளியே இருப்பது தெளிவாயிற்று.

நெடும்அலை எழுதியது:

கதிர்வட்டம் சொன்ன அளவு சரிதான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குழம்பக்கூடும். 1,600 ஒளியாண்டை 1,350 கோடியால் வகுத்தால் புளூட்டோவின் கால்பங்கு அகலம்தான் வரும். அந்த ஒளி புறப்பட்டபோது பேரண்டம் மிகச் சிறியதாக இருந்தது. அந்தக் கேலக்ஸியும் நாம் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் இருந்தது. அப்போது அடைத்த கோணம் அப்படியே நமக்கு வந்து சேர்வதால், ஓர் எல்லைக்கு அப்பால் தொலைவு கூடக்கூட உருவம் சுருங்காமல் பெரிதாகத் தொடங்குகிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, உண்மையான தடை அங்கேதான் இருக்கிறது. பேரண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதைச் சொல்லும் செம்பெயர்ச்சி 1 என்ற அளவிலேயே, கேலக்ஸியின் பரப்புப் பொலிவு (ஒரே அளவு வானப் பரப்பிலிருந்து வரும் ஒளி) 16 மடங்கு குறைந்துவிடுகிறது. 3 என்றால் 256 மடங்கு. ஒரு கேலக்ஸியின் ஒளிமிகுந்த மையமும் விண்மீன்கள் பிறக்கும் முடிச்சுகளும் தெரியலாம். வெளிவட்டத்தின் மெல்லிய ஒளி பின்னணி இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே பழங்காலக் கேலக்ஸிகள் சிறியவை, உருக்குலைந்தவை என்று படிக்கும்போதெல்லாம், அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நம் கண்ணுக்கு எட்டாத பகுதி என்று கேட்பது நல்லது.

அடுத்தது அலைநீளம். அந்தக் காலத்து நடுநிலை (மின்னூட்டமில்லாத) ஹைட்ரஜன், 121.6 நானோமீட்டருக்குக் குறைவான ஒளியை விழுங்கிவிடுகிறது. அந்த விளிம்பு, 15 மடங்கு நீண்டு நம்மிடம் வரும்போது 1.8 மைக்ரானை (ஒரு மைக்ரான் 1,000 நானோமீட்டர்) தாண்டிவிடுகிறது. ஹபிளின் அகச்சிவப்புக் கேமரா 1.7 மைக்ரானில் நின்றுவிடுவதால், அதே இடத்தை ஓராண்டு விடாமல் பார்த்தாலும் அதற்கு அந்தக் கேலக்ஸி தெரியாது. வெப் 28 மைக்ரான் வரை பார்க்கும். நிறமாலையில் அந்த விளிம்பு விழுந்த இடத்தைக் கொண்டுதான் தொலைவைச் சொல்கிறார்கள்.

மாலைவெள்ளி கேட்டது:

நன்றி. அப்படியானால் அந்தப் படங்களின் வண்ணங்களும் கணிப்புதானா?

சாம்பல்கோப்பு எழுதியது:

ஹபிளின் பொதுக் காப்பகத்திலிருந்து பதப்படுத்தாத கோப்பு ஒன்றை ஒருமுறை இறக்கிப் பார்த்தேன். முழுவதும் சாம்பல் நிறம். விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்களான காஸ்மிக் கதிர்கள் கேமராவின் உணரியைத் தாக்கிய வெள்ளைக் கீறல்கள் எங்கும் இறைந்து கிடந்தன. கேலக்ஸியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உணரிக்கு ஒளியின் அளவு மட்டுமே தெரியும். வெவ்வேறு வடிகட்டிகள் வழியாக எடுத்த படங்களுக்கு ஆளுக்கொரு நிறம் கொடுத்துப் பின்னர் சேர்க்கிறார்கள். அகச்சிவப்பில் நீண்ட அலைக்குச் சிவப்பும் குறுகிய அலைக்கு நீலமும் தருவது வழக்கம். இதை நான் கணிப்பு என்று சொல்லமாட்டேன், மொழிபெயர்ப்பு என்பேன்.

ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டுமே உணரப்படும் கரும்பொருள்தான் கணிப்பு. அது எந்தப் படத்திலும் இல்லை. அதன் ஈர்ப்பால் பின்னாலிருக்கும் கேலக்ஸிகளின் உருவம் வளைந்திருப்பதை அளந்து, அது எங்கே குவிந்திருக்கிறது என்று வரைகிறார்கள்.

அந்த வளைவே சில வேளைகளில் உதவிக்கும் வருகிறது. ஹபிள் தொலைநோக்கியின் படத்தில் கண்டதாக 2022இல் அறிவிக்கப்பட்ட எரெண்டல் என்ற விண்மீனின் ஒளி 1,290 கோடி ஆண்டுகள் பயணித்து வந்தது. அவ்வளவு தொலைவில் தனி விண்மீன் தெரிய வாய்ப்பே இல்லை; இடையிலுள்ள ஒரு கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு, வில்லையைப் போல் செயல்பட்டு அதை ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. இருந்தும் படத்தில் கிடைத்தது ஒரு புள்ளிதான். அது ஒரே விண்மீனா, விண்மீன் கொத்தா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.